எங்கள் வீட்டு நைட் ஷிஃப்ட்

ஓசூரில் ஓர் ஆண்பிள்ளை பகலில் வீட்டில் இருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். "நைட் ஷிஃப்ட்டா?" என்றுதான் கேட்பார்கள். பதில்கூடச் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டுக்காரருக்கு வேலை போன அந்த வாரம், தெருமுனை டீக்கடையில் காலை நேரத்தில் அவர் சாவகாசமாக நிற்பதைப் பார்த்துக் கடைக்காரர் இப்படித்தான் கேட்டார். இவர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

"நைட் ஷிஃப்ட்டுன்னு நெனச்சிகினாரு. நானும் அப்டியே உட்டுட்டேன்" என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. கொஞ்ச நாளில் வேறு இடம் கிடைத்துவிடும், அதற்குப் பிறகு எந்த ஷிஃப்ட்டாக இருந்தால் யாருக்கு என்ன என்று நினைத்தேன். அந்தக் கொஞ்ச நாள் ஒரு மழைக்காலத்தைத் தாண்டிக் கோடைக்குள்ளும் போயிற்று.

நாங்கள் இருவரும் அரூர் பக்கம். இரண்டு வீட்டிலும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்துதான் பிள்ளைகளை வளர்த்தார்கள். அவர் ஐ.டி.ஐ. முடித்து ஓசூருக்கு வந்து, வண்டிகளுக்குக் கார்புரேட்டர் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தார். அலுமினியத்தை உருக்கி அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் வேலை. முதலில் மெஷின் ஓட்டினார். பிறகு மெஷினில் அச்சு மாட்டிச் சரிபார்த்துக் கொடுக்கும் செட்டர் ஆனார். பெர்மனென்ட்டும் ஆனார். இந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கம் இருக்கும் மரியாதையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். என் கல்யாணப் பேச்சில் அப்பா மாப்பிள்ளையின் நிறத்தைக் கேட்கவில்லை, குணத்தைக் கேட்கவில்லை. "பெர்மனென்ட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் தட்டை மாற்றிக்கொண்டார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, அது வேறு கதை.

பிறகு புது வண்டிகளில் கார்புரேட்டரே இல்லை என்று ஆகிவிட்டது. கம்பெனியில் முதலில் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள். அடுத்து ஒரு ஷிஃப்ட்டை நிறுத்தினார்கள். கடைசியில் சேர வேண்டியதைச் சரியாகக் கொடுத்து, எல்லோருக்கும் கைகொடுத்து, கேட்டைப் பூட்டினார்கள். ஏமாற்றினார்கள், துரத்தினார்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. எனக்கு அதுதான் இன்னும் கடுப்பாக இருந்தது. யாரையாவது நாலு வார்த்தை திட்டினால்தான் எனக்குச் சோறு செரிக்கும். இங்கே திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

எங்கள் காம்பவுண்டில் கீழேயும் மாடியிலுமாக வரிசை வீடுகள். எல்லாமே கம்பெனிக் குடும்பங்கள். கன்னடம், தெலுங்கு, எங்கள் பக்கத்துத் தமிழ், தெற்கத்தித் தமிழ் எல்லாம் ஒரே தண்ணீர்த் தொட்டியடியில் கேட்கும். மூன்று ஷிஃப்ட்டிலும் ஆள் இருப்பதால் எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். இரவு வேலை முடிந்து வந்தவர் தன் சேஃப்டி ஷூவை வாசற்படிக்கு வெளியே ஓரமாக வைப்பார். பகலில் ஷூ வெளியே இருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். அந்த வீட்டுக்குப் பக்கத்தில் மிக்ஸி ஓட்டமாட்டார்கள், துணியை அடித்துத் துவைக்கமாட்டார்கள், பிள்ளைகளைக் கத்தவிடமாட்டார்கள். யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் மீறினால் தொட்டியடியில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

என் வீட்டுக்காரர் தினமும் ஷூவை வெளியே வைத்தார். அவருடைய பழைய கம்பெனிக்காரர் யாரும் எங்கள் காம்பவுண்டில் இல்லை. அது மூடப்பட்டது எங்கள் தெருவுக்குத் தெரியாது. இத்தனை கம்பெனி உள்ள ஊரில் ஒன்று மூடினால் அடுத்த தெருவுக்குக்கூடச் செய்தி போகாது.

பொய்யைக் காப்பாற்ற இவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. சாயங்காலம் சாப்பிட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். பஸ் ஸ்டாண்டு பக்கம் அவரோடு ஐ.டி.ஐ. படித்த சிநேகிதர் ஒருவர் தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். அங்கே போய்ப் படுத்துத் தூங்குவார். காலையில் கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் நேரம் பார்த்து, களைத்துப்போன முகத்தோடு வீட்டுக்கு வருவார். ராத்திரி முழுக்கத் தூங்கிய மனிதர் பகல் முழுக்க மறுபடியும் தூங்க வேண்டும். முடிகிற காரியமா? கதவைச் சாத்திக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருப்பார். டி.வி. போட முடியாது. போனில் பேச முடியாது. ஒருமுறை தும்மல் வந்து, அதைத் தலையணையில் அமுக்கித் தும்மினார். ஒருநாள் உப்பும் வெங்காயமும் விற்கும் ஆட்டோ மைக்கைப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் ஓடிப்போய், "மைக்க ஆஃப் பண்ணுப்பா, அண்ணா தூங்கறாரு" என்று அதட்டியது எங்கள் வீட்டுக்குள் கேட்டது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண்ணின் நல்ல மனசு இவரை ஊசி போலக் குத்தியது என்று எனக்குத் தெரிந்தது.

ஆரம்பத்தில் வேலை தேடிச் சில இடங்களுக்குப் போனார். நாற்பது தாண்டியவருக்கு கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியே பதில் சொல்லிவிடுவார், சின்ன வயசுக்காரர்களைத்தான் எடுக்கிறார்கள் என்று. நாலு இடத்தில் அப்படிக் கேட்ட பிறகு போவதே குறைந்துவிட்டது. தவிர, இன்டர்வியூ எல்லாம் பகலில்தான் நடக்கும். பகலில் இவர் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். வேலை இல்லாததை மறைக்கச் சொன்ன பொய், வேலை தேடுவதையும் தடுத்துக்கொண்டு நின்றது. டி.வி. செய்தியில் வேலையில்லாதவர்கள் எத்தனை பேர் என்று சொல்லும்போது இவரை எந்தக் கணக்கில் சேர்த்திருப்பார்கள் என்று யோசிப்பேன். எங்கள் காம்பவுண்டுக் கணக்கில் இவர் தூங்குகிறவர்.

வீட்டை ஓட்ட வேண்டுமே என்று நான் இட்லி மாவு விற்க ஆரம்பித்தேன். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் வேலைக்குப் போகிறவர்கள், ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் வேறு. மாவு போணியாகும் என்று தெரியும். மத்தியானம் கிரைண்டரைப் போட்டால்தான் சாயங்காலத்துக்கு மாவு தயாராகும். முதல் நாள் கிரைண்டரைப் போட்டு அரிசியை அள்ளிக் கொட்டியதும் பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். கெலமங்கலத்துப் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழும் கன்னடமும். அவளும் அவள் புருஷனும் சின்ன வயதில் தக்காளிக் காட்டில் கூலிக்குப் போனவர்கள். இப்போது அவன் சூளகிரி பக்கம் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் டீம் லீடர். பேட்டரி வண்டிக்கான பாகங்கள் செய்கிற இடம்.

அவள் எங்கள் வாசலில் இருந்த ஷூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னாக்கா நீங்க? அண்ணா நைட்டு பூரா மெஷின்கிட்ட நின்னுகினு வர்றாரு. நீங்க கிரைண்டர போட்டுகினு இருந்தா அவரு எப்டி தூங்குவாரு? எங்க வீட்டுக்கு எடுத்துகினு வாங்க. கிரைண்டர் சத்தம் மிக்ஸி மாதிரி செவுரு தாண்டி வராது. பகல்ல எங்க வீட்ல யாரு தூங்கறாங்க?"

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கவில்லை. ஊறிய அரிசி, உளுந்து, கிரைண்டர் எல்லாவற்றையும் நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய மனிதர் உள்ளே கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் இடுப்பு வலி தெரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் அவள் சமையலறையில்தான் மாவு அரைத்தேன். அவள் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் உளுந்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோது போகிற போக்கில் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு கம்பெனில புதுசா ஒரு லைன் போடறாங்கக்கா. மோட்டாருக்கு அலுமினியத்துல கூடு ஊத்தறாங்களாம். மெஷினு வந்துடுச்சி, அச்சு மாட்டத் தெரிஞ்ச ஆளுதான் கெடைக்கல. வயசுகூட பாக்கலையாம், அனுபவம் இருந்தா போதுமாம். அண்ணாவுக்கும் அந்த வேலதான? ஆனா அவரு பெர்மனென்ட்டு. அத உட்டுட்டு ஏன் வரப்போறாரு? அதான் உங்ககிட்ட கேக்கவே வேணான்னு இவரு சொல்லிட்டாரு."

என் கை கிரைண்டருக்குள் அப்படியே நின்றுவிட்டது. கல் இடித்த பிறகுதான் எடுத்தேன். "ஆமா, அவரு எங்க வரப்போறாரு" என்று என் வாய் தானாகச் சொன்னது. யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று இவர் எங்கள் மகள் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். ஓசூரில் வேலை என்பது பெரும்பாலும் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய்த்தான் கிடைக்கும். எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், உன் தம்பியை வரச்சொல் என்பார்கள். வேலையில் இருக்கிறவரிடம் அதை யார் சொல்வார்கள்? அத்தனை மாதமும் எத்தனை வேலை எங்கள் வாசலைத் தாண்டி, ஷூவைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் போயிற்றோ.

மாவுப் பாத்திரத்தோடு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் குசுகுசுவென்று சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார். முகம் ஒரு நிமிடம் மலர்ந்தது. பிறகு பழையபடி ஆகிவிட்டது.

"போய் கேட்டா, இத்தினி நாளா என்னா பண்ணிகினு இருந்தீங்கன்னு கேப்பாங்க இல்ல?"

"கேட்டா சொல்லுங்க."

"அந்தப் பொண்ணு எனக்காக மைக்க நிறுத்துச்சி. அது மூஞ்சில எப்டி முழிக்கறது?"

"இப்ப மட்டும் யாரு மூஞ்சில முழிக்கறீங்க? விட்டத்து மூஞ்சிலதான?" என்றேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். வேறு ஏதாவது வரும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சத்தமாகச் சண்டை போடக்கூட வழியில்லாத வீட்டில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு அரிசி களைந்தேன்.

மறுநாள் காலை, மகள் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் அவள் வகுப்பு டீச்சரிடமிருந்து போன் வந்தது. அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. என் கையெல்லாம் மாவாக இருந்ததால் அவளே எடுத்துப் பேசினாள். பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா ஏன் வருவதே இல்லை என்று டீச்சர் கேட்டிருப்பார் போலிருக்கிறது.

"அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் மிஸ். பகல்ல தூங்குவாரு. இப்ப ஆர்டர் ஜாஸ்தியாம், ஓவர்டைம்கூட பாக்கறாரு. அடுத்த மாசம் பகல் ஷிஃப்ட் மாத்தித் தரேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு மிஸ்."

தடுமாற்றமே இல்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்தது அப்பா தூங்குகிறார் என்ற ஒரு வார்த்தைதான். ஓவர்டைமும் மேனேஜரும் அவளே சேர்த்தது. போனை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தத் தலையில் கை வைத்தா சத்தியம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டே கையைக் கழுவினேன். வேலை போனதில் நாங்கள் இழந்தது சம்பளம் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் பக்கத்து வீட்டில் கிரைண்டரைப் போடுவதற்கு முன்னால் அவளை உட்காரச் சொன்னேன். "அவருக்கு நைட் ஷிஃப்ட் இல்ல. எந்த ஷிஃப்ட்டும் இல்ல. கம்பெனி மூடிட்டாங்க" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. "அப்ப பகல்ல உள்ள?"

"சும்மா படுத்திருக்கறாரு."

"தூங்கலையா?"

"தூங்கல."

வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யோ தேவுடா! அக்கா, இத்தினி மாசமா நான் மிக்ஸி போடாம அம்மில சட்னி அரைச்சனே!" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழ ஆரம்பித்துவிட்டேன், நிறுத்த முடியவில்லை. அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அடுத்த கையால் புருஷனுக்குப் போன் போட்டாள். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள். டீ நேரத்தில் அவனே திரும்பக் கூப்பிட்டான். தெலுங்கில் பேசினார்கள். அவள் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேத்திக்கே சேலத்துக்காரரு ஒருத்தரு பேர குடுத்துட்டாராம்க்கா. வந்து பேசறேன்னு சொல்றாரு" என்றாள்.

இனிமேல் இவரிடம் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்தவில்லை, குரலையும் தணிக்கவில்லை. "பக்கத்து வூட்ல எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"சத்தியம் பண்ணியே."

"பொண்ணு டீச்சர்கிட்ட பொய் சொல்றா. நம்ப ரெண்டு பேரையும்விட நல்லா சொல்றா. அதான் சொல்லிட்டேன். வேணும்னா என்னத் திட்டுங்க."

அவர் திட்டவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. சேலத்துக்காரருக்கே அந்த வேலை கிடைத்துவிட்டால் இவருக்கு வேலையும் போயிற்று, மானமும் போயிற்று. இரண்டையும் போக்கியவள் நான் என்று ஆகிவிடும். முந்தின நாள் மீந்த மாவை எடுத்துக் கவரில் ஊற்றினேன், பாதியைத் தரையில் ஊற்றினேன்.

முதல் ஷிஃப்ட் முடிந்து பஸ் வந்ததும் பக்கத்து வீட்டுத் தம்பி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் எங்கள் வாசலுக்கு வந்தான். பழக்கதோஷத்தில் மெதுவாக, "அண்ணா தூங்கறாரா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். உள்ளே இருந்து இவர், "இல்லப்பா, வா" என்றார். அப்படி ஒரு பகல் நேரத்தில் அவர் குரல் எங்கள் வீட்டைத் தாண்டிக் கேட்டு எவ்வளவு நாள் ஆகியிருந்தது!

அந்தத் தம்பி கேலியும் செய்யவில்லை, பரிதாபமும் காட்டவில்லை. கோபம்தான் பட்டான். "பக்கத்து வூட்ல ஆள வெச்சிகினு நான் ஊரெல்லாம் செட்டர் தேடிகினு இருக்கறேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்லண்ணா? உங்களுக்கு ஒரு மெஷின்ல அச்சு மாத்த தெரியுமா, ரெண்டு மூணு வகை தெரியுமா?" என்று கேட்டான். இவர் பதில் சொல்ல ஆரம்பித்தார். டன் கணக்கு, தண்ணீர் லைன், பிஸ்டன், எனக்கு ஒன்றும் புரியாத பேச்சு. பேசப் பேச அவர் முதுகு நிமிர்ந்ததை மட்டும் பார்த்தேன். "நாளைக்கு காலைல எங்கூட பஸ்ல வாங்க. சேலத்துக்காரரும் வர்றாரு. மெஷின்ல நிக்கவெச்சிப் பாப்பாங்க. எனக்குத் தெரிஞ்சத நான் சொல்றேன், மீதி உங்க கை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. காலையில் போனவர் மத்தியானம் வரை கூப்பிடவில்லை. கிரைண்டரில் அரிசிக்குப் பதிலாக உளுந்தையும் உளுந்துக்குப் பதிலாக அரிசியையும் கொட்டப் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் என் கையிலிருந்து பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு, "நீங்க உக்காருங்கக்கா, இன்னிக்கு நான் அரைக்கறேன்" என்றாள். போன் அடித்தபோது இருவரும் ஒரே சமயத்தில் அதன்மேல் பாய்ந்தோம்.

"ரெண்டு பேரையும் எடுத்துகினாங்க" என்றார். மூன்று ஷிஃப்ட்டுக்கு ஒரு செட்டர் போதாது, அடுத்த மாதம் இன்னும் ஒருவர்கூட வேண்டுமாம். முதல் ஒரு வருஷம் கான்ட்ராக்ட், பிறகு பார்க்கலாம் என்று சொன்னார்களாம். சம்பளம் பழையதைவிடக் குறைவு. எதுவும் என் காதில் ஏறவில்லை. வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அந்தச் சமையலறைத் தரையில் அப்படியே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். எழுந்து ஓட வேண்டிய வேலை எதுவும் இல்லாதவள்போல வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வேலைக்குப் போக ஆரம்பித்து இரண்டாவது வாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முகத்தைச் சுளித்து, "என்னா இது, கொழம்புல உப்பே இல்ல?" என்றார். வேலை இல்லாத அத்தனை மாதமும் எதைப் போட்டாலும் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தவர். ஒரு குறை சொன்னதில்லை, இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டதும் இல்லை. "வேணும்னா போட்டுகினு சாப்புடுங்க" என்று உப்பு டப்பாவை டங்கென்று வைத்தேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, அடுத்த மீட்டிங்குக்கு நீயே வந்து எங்க மிஸ்கிட்ட பேசு" என்றாள். லீவு போட்டுவிட்டுப் போனார். டீச்சரிடம் என்ன சொன்னார் என்று இருவருமே என்னிடம் சொல்லவில்லை.

தெருவும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. புது கம்பெனி பஸ் எங்கள் முனையிலேயே நிற்க ஆரம்பித்தது. கெலமங்கலம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் சேர்ந்து ரூம் எடுத்தார்கள். வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த இரண்டு வீடுகளிலிருந்து வாடகைக்கு என்ற போர்டை எடுத்தார்கள். டீக்கடையில் மத்தியானத்திலும் போண்டா போட்டார்கள். என் மாவு இருட்டுவதற்குள் தீர்ந்துவிடும். ஒருவர் வீட்டில் உலை வைத்தால் இன்னும் நாலு பேர் வீட்டில் அடுப்பு எரியும் என்பதை நான் மாவு விற்றுத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த டீக்கடைக்காரரிடம் இவரே போய் உண்மையைச் சொன்னார். "அண்ணே, எனக்கு நைட் ஷிஃப்ட்டு இல்ல. வேல இல்லாமதான் இருந்தேன்" என்று நாலு பேர் முன்னால் சொன்னாராம். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "தெரியும். நைட்டு பாத்தவன் கண்ணு செவசெவன்னு இருக்கும். உங்க கண்ணு பளிச்சினு இருந்துச்சி. கேட்டா சங்கடப்படுவீங்கன்னு உட்டுட்டேன்" என்றாராம். இவர் அதைப் பெருமையாக வந்து சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் எவ்வளவு மரியாதை! அவர் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. அந்த மரியாதையில்தான் நாங்கள் பாதி உயிராகிப் போனோம். யாராவது ஒருவர் கொஞ்சம் மரியாதை இல்லாமல் கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

இதையெல்லாம் வாய்கிழியப் பேசிய நான் என்ன லட்சணம் என்று அடுத்த மாதமே தெரிந்தது.

மாடியில் எங்கள் தலைக்குமேல் இருந்த வீட்டில் மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. கல்யாணமாகி அதிக நாள் ஆகாதவர்கள். அந்தப் பெண் தினமும் சாயங்காலம் மாவு வாங்க வருவாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, முன்னதாகவே வந்துவிட்டாள். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போகும்வரை சுவரோரமாக நின்றாள். கடைசி ஆள் போனதும் பக்கத்தில் வந்தாள்.

"யக்கா, அண்ணன் கம்பெனில இன்னும் ஆள் எடுக்குறாகளா?"

"யாருக்கும்மா? உன் தம்பிக்கா?"

தலையைக் குனிந்துகொண்டு மாவுக் கவரின் முடிச்சைத் திருகினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் புருஷனுக்குத் தொடர்ந்து நைட் ஷிஃப்ட் என்று காம்பவுண்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டு வாசலில் தினமும் ஷூ இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நான் படியடியில் பாத்திரம் கழுவுவதைக்கூட நிறுத்தியிருந்தேன். தேங்காய் உடைக்க வெளியே போய் ரோட்டோரக் கல்லில் உடைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். நான்! எட்டு மாதத்துக்கும் மேலாக அதே பொய்யோடு குடித்தனம் நடத்தியவள், தலைக்குமேல் அது நடந்தபோது கால் ஓசைகூடக் கேட்காமல் நடந்திருக்கிறேன்.

"எத்தன நாளா?" என்றேன்.

"தீவாளிக்கு முன்னாடியே நிறுத்திட்டாக. வெளிய சொல்லப்படாதுன்னு சொல்லிப்புட்டாருக்கா. நான் வந்து கேட்டேன்னும் தெரியப்படாது."

உள்ளே இவர் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டு எதற்கோ வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் காதில் எல்லாம் விழுந்திருந்தது. நான் கூப்பிடுவதற்குமுன் வெளியே வந்தார். அந்தப் பெண் பயந்துபோய், வேண்டாம் என்று கையை ஆட்டினாள். இவர் மாடிப்படியைப் பார்த்தார். பகல் வேளையில் எங்கள் காம்பவுண்டில் யாரும் அப்படிப் படியேறியதில்லை, தடதடவென்று ஏறினார். நாங்கள் இருவரும் பின்னாலேயே ஓடினோம். வாசலில் ஷூவைத் தாண்டி நின்றுகொண்டு, உள்ளங்கையால் கதவைத் தட்டினார். உள்ளே சத்தமே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கட்டிலில் அசையாமல் கிடப்பது எங்களுக்கு மட்டும் கேட்டது. மாடியில் அடுத்த கதவிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "உஷ், தூங்கறாரு" என்றார்.

இவர் மறுபடியும் தட்டினார்.

"கதவத் தொறங்க தம்பி. நீங்க தூங்கலன்னு எனக்குத் தெரியும்."